வெளிநாட்டுப் படி வாங்கும் உள்ளூர்க்காரர்

இன்று உங்களுக்கு ஒரு பிராணியை அறிமுகப்படுத்தப் போகிறேன். அதன் பெயர் நிரந்தரத் தற்காலிகர். அரிய இனம் என்று எண்ணிவிட வேண்டாம். லண்டனில் தடுக்கி விழுந்தால் ஒருவர் மேல்தான் விழுவீர்கள். ஒரே வீதியில் இருபது முப்பது வருடம் குடியிருந்து, ஒரே ரெயிலில் ஏறி, ஒரே கடையில் முடி வெட்டி, அந்தக் கடைக்காரரின் மகன் கடையைப் பொறுப்பேற்று அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், "இஞ்ச சும்மா கொஞ்சக் காலத்துக்குத்தான்" என்று சொல்பவர் எவரோ அவரே நிரந்தரத் தற்காலிகர். அவர் வீட்டு அலுமாரியின் மேல் ஒரு பெரிய சூட்கேஸ் எப்போதும் தயாராக இருக்கும். சுவரில் ஆணி அடிக்க மாட்டார். சாமிப் படம் முதல் கலியாணப் படம் வரை எல்லாம் சுவரோரமாகத் தரையில் சாய்ந்து நிற்கும். போகப் போகிற மனிதனுக்கு எதற்கு ஆணி என்பார். எப்போது போகிறீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இந்த இனத்தில் பெரும்பாலோர் இதைப் பழக்கதோஷத்தால் இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் இதற்காகவே மாதாமாதம் பணம் வாங்கும் உயர்ந்த சாதி ஒன்று உண்டு. அதில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பெயர் மகாலிங்கம். நான் அண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். காலையில் ஒரே ரெயிலில் போவோம்.

மகாலிங்கம் அண்ணை சர்வதேசக் கயிறு அமைப்பில் வேலை செய்கிறார். அப்படியொன்று இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எதற்குத்தான் சர்வதேச அமைப்பு இல்லை? பல நாடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, எந்தக் கயிறு எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்காக உண்டாக்கிய அமைப்பு அது. கொழும்பில் ஒரு திணைக்களத்தில் தேங்காய்த் தும்புக் கயிறு பரிசோதித்துக்கொண்டிருந்த அண்ணையைத் தெரிவு செய்து, தொண்ணூறுகளில் லண்டனுக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கட்டடம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருக்கிறது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனால் இங்கிலாந்துச் சட்டம் வெளியே குடை பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் குறை வந்தால் இந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அமைப்புக்கென்று ஊழியர் விதிகள் இருக்கின்றன. அமைப்புக்கென்று ஒரு தீர்ப்பாயமும் இருக்கிறது. அந்த விதிப் புத்தகத்தை அண்ணை எனக்குக் காட்டியிருக்கிறார். வேலை செய்வது பற்றிய அதிகாரம் மெலிந்துபோய்க் கிடக்கும். மிச்சம் முழுக்கப் படிகள். வீட்டுப் படி, துணைவர் படி, பிள்ளைப் படி, பயணப் படி, மொழிப் படி. இவற்றுக்கெல்லாம் அரசன் வெளிநாட்டுப் படி.

சொந்த நாட்டைவிட்டு வந்து அந்நிய மண்ணில் தனித்து வாடும் ஊழியருக்குத் தரும் ஆறுதல் தொகை அது. சட்டம் எழுதியவர் இரக்கமுள்ளவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மெல்லிய சுவெட்டரோடு ஜனவரியில் வந்திறங்கிய அண்ணைக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் சட்டத்துக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியாது. அது இரண்டே கேள்விதான் கேட்கும். நீ இந்த நாட்டுப் பிரஜையா? வேலைக்கு எடுத்தபோது இந்த நாட்டில் குடியிருந்தாயா? இரண்டுக்கும் இல்லை என்றால், ஓய்வு பெறும் நாள்வரை நீ அந்நியன்தான், தனித்து வாடுகிறவன்தான். குட்மேய்ஸ் மீன் கடைக்காரர் உன்னைக் கண்டதும் விளைமீனை எடுத்து வைத்தாலும் சரி.

அதனால் அண்ணை பிரித்தானியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. வந்த சில வருடத்தில் லண்டனிலேயே கலியாணமும் முடித்தார். மனைவி குணவதி அக்கா சிறு பிள்ளையாக மாமன் குடும்பத்தோடு கிழக்கு லண்டன் பிளேஸ்டோவுக்கு வந்து வளர்ந்தவர். கலியாணத்துக்கு முன்பே பிரித்தானியப் பிரஜை. பிள்ளை கௌசிகன் பிறவியிலேயே பிரஜை. மனைவியின் பிரஜாவுரிமை கணவனின் படியைப் பாதிக்காது என்பதைப் பொருத்தம் பார்த்த அன்றே விதிப் புத்தகத்தில் அண்ணை பார்த்துக்கொண்டார். ஆக, மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரே ஒரு வெளிநாட்டவர்.

அமைப்பு சும்மா இருந்திருந்தால் சிக்கல் இல்லை. நடுவில் ஒரு வருடம் விதியைத் திருத்தினார்கள். ஊழியரின் 'வாழ்வின் மையம்' பணிபுரியும் நாட்டுக்கு மாறிவிட்டதாகத் தெரிந்தால் படியை மீளாய்வு செய்யலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அப்படி மாறவில்லை என்று ஊழியர் வருடா வருடம் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அந்த ஒரு வரிதான் அண்ணையை ஆட்டிவைத்தது. அன்று முதல் தன் வாழ்வுக்கு மையமே இருக்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டார்.

வீட்டுக் கரண்ட், தண்ணீர், காஸ் எல்லாம் அக்காவின் பெயருக்கு மாறின. நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கோயில் நிர்வாக சபைக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, தான் பார்வையாளராக மட்டும் வரலாம் என்றார். பின்தோட்டத்தில் அக்கா ரோஜா நட ஆசைப்பட்டார். நிலத்தில் நட்டால் வேர் விட்டதற்கு ஆதாரமாகிவிடும் என்று அண்ணை தொட்டிகள் வாங்கி வந்தார். சில்லுப் பூட்டிய தொட்டிகள். காற்றடிக்கும் நாளில் அந்த வீட்டு ரோஜாக்கள் வேலி ஓரத்திலிருந்து அக்கா சமைக்கும் குசினிக் கதவுக்குத் தாங்களாகவே வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் விசேஷம் படம் எடுப்பது. எங்கள் ஆட்களின் கொண்டாட்டம் எதுவும் குரூப் போட்டோ இல்லாமல் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, கலியாண வீடு, ஐம்பதாவது பிறந்தநாள், எதுவானாலும் மேடையில் ஏறி வரிசையில் நின்றால்தான் வந்ததற்கு அடையாளம், சாப்பிட்டதற்கு நியாயம். அண்ணையும் வருவார். வயிறார உண்பார். மொய்யும் வைப்பார். படம்பிடிப்பவர் "எல்லாரும் கிட்ட நில்லுங்கோ" என்றதும் மெல்ல ஓரமாக நகர்ந்துவிடுவார். நண்பர் கூட்டத்தின் நடுவே சிரித்துக்கொண்டு நிற்பதைவிட வாழ்வின் மையத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அவரைக் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று லண்டன் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர் சொந்த நாட்டின்மேல் பைத்தியமாக இருப்பார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அமைப்பு குடும்பத்தோடு தாயகம் போய்வர விடுப்பும் டிக்கெட்டும் தரும். தாயகத்துக்கு மட்டும்தான் போகலாம். அக்காவுக்கு ரோம் பார்க்க ஆசை. கௌசிகனுக்குப் பனியில் சறுக்க ஆசை. விதி இடம் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, வெயிலையும் நுளம்புக் கடியையும் வைதபடி, எப்போது ஹீத்ரோவில் இறங்கிக் குளிர்காற்று முகத்தில் படும் என்று அண்ணை காத்திருப்பார்.

வெளிநாட்டுக் கூட்டங்களுக்குப் போனால் தனிக் கூத்து. பயணப் படியில் ஒரு விதி இருக்கிறது. கூட்டம் நடத்துபவர்கள் மதிய உணவு கொடுத்தால் அந்த நேரத்துப் படியைக் கழிப்பார்கள். ஜெனீவாவில் மற்றப் பிரதிநிதிகள் சுடச்சுடச் சாப்பிடும்போது அண்ணை அக்கா கட்டிக்கொடுத்த புட்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருமுறை அவர் ஒரு சாண்ட்விச் எடுத்ததை யாரோ பார்த்து அமைப்புக்கு எழுதிவிட்டார்கள். விடுவாரா? தேநீரோடு தரப்படும் சாண்ட்விச் 'சிற்றுண்டி' ஆகுமே தவிர 'உணவு' ஆகாது என்று தீர்ப்பாயம் வரை போனார். மூன்று நாடுகளிலிருந்து மூன்று நீதிபதிகள் விமானத்தில் வந்து, ஹோட்டலில் தங்கி, நல்ல உணவு சாப்பிட்டு, ஒரு சாண்ட்விச்சைப் பற்றி ஆலோசித்தார்கள். அண்ணை வென்றார். அந்தத் தீர்ப்பை இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்.

இந்தச் சட்ட ஞானம் வீட்டுக்குள்ளும் வரும். நீண்ட காலமாகத் தொடர்ந்து கிடைத்துவந்த ஒன்று 'பெற்ற உரிமை' ஆகிவிடும், அதை நிர்வாகம் தன்னிச்சையாக நிறுத்த முடியாது என்பது அவர்களது சட்டத்தில் ஒரு கோட்பாடு. ஒரு சனிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். அண்ணை கட்டிலருகே வந்து, சனிக்கிழமை மீன்குழம்பு இந்த வீட்டில் பெற்ற உரிமை என்று பணிவாக நினைவூட்டினார். மகன் படித்து முடித்ததும் பிள்ளைப் படி நின்றுவிடும் என்பதால், கௌசிகன் ஒரு முதுகலைப் பட்டத்துக்கு மேல் இன்னொரு முதுகலைப் பட்டமும் வாங்க வேண்டியதாயிற்று. அவன் இப்போது ஹவுன்ஸ்லோவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறான். கடல்சார் காப்புறுதியில் அவன் பெற்ற பட்டத்துக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதுவரை சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற இடம் துணைவர் படி.

துணைவரின் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் அந்தப் படி போய்விடும். குணவதி அக்கா நம் பக்கத்து ஆரம்பப் பாடசாலை அலுவலகத்தில் அரைநேர வேலை செய்கிறார். அவர் வராத நாளில் அங்கே சாவி எங்கே இருக்கிறது என்று தலைமையாசிரியைக்கே தெரியாது. அலுவலகப் பொறுப்பாளர் பதவியை அவருக்குக் கொடுக்க முன்பும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணை கணக்குப் பார்ப்பார். சம்பளம் கூடும், ஆனால் படி போகும், இரண்டையும் கழித்தால் பெரிய லாபம் இல்லை, வீட்டு வேலையும் கெடும். அக்கா போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார். அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் வேலை பழக்கியவர் அக்காதான். அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வீட்டு விஷயம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வருடம் மறுபடி கேட்டார்கள். இதுதான் கடைசித் தடவை, இனி வேறு ஆளை நிரந்தரமாக எடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்களாம். அண்ணைக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. அதுவரைக்குமாவது படி வரட்டுமே, நீர் வேண்டாம் என்று சொல்லிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னார். திங்கள் காலை ரெயிலில் என்னிடமும் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது என்ற திருப்தி அவர் குரலில் இருந்தது.

அந்த வாரமே அமைப்பில் ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆளணிப் பிரிவில் இருக்கும் சேகர் அவரைக் கூப்பிட்டான். மலேசியத் தமிழன், படிக்க வந்து தங்கிவிட்டவன், யாரோடும் சிரித்துப் பேசுவான். ஓய்வு பெறுபவருக்கு மீள்குடியேற்றப் படி உண்டு, குடும்பத்துக்கு ஒருவழி டிக்கெட் உண்டு, தளபாடம் அனுப்பக் கப்பலில் இடம் உண்டு என்று விளக்கினான். அண்ணை மகிழ்ந்துபோய் எத்தனை கன அடி என்று கேட்டார். பிறகு, தான் உடனே போகப் போவதில்லை, இங்கேயே கொஞ்சக் காலம் இருக்கப் போவதாகச் சொன்னார். சேகர் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

இந்த நாட்டில் அவர் இருப்பது அமைப்பின் ஊழியர் என்ற சலுகையால்தான். வேலை போகும்போது அந்தச் சலுகையும் போய்விடும். இதைச் சேகர் பக்குவமாகத்தான் சொன்னான். அண்ணையின் வாயிலிருந்து, எத்தனையோ வருடமாக வராத ஒரு வாக்கியம் அப்போதுதான் வந்தது.

"அதெப்பிடி? நான் இஞ்சதானே இருக்கிறன்."

"ஆமாண்ணே. ஆனா இங்க இல்லன்னு நீங்களேதான் வருஷா வருஷம் எழுதிக் குடுத்தீங்க. நாங்களும் அத நம்பித்தான் படி குடுத்தோம்."

வேறு வழி இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றான் சேகர். மனைவி பிரித்தானியப் பிரஜைதானே, கணவரைத் தன் பொறுப்பில் வைத்திருக்க அவர் விண்ணப்பிக்கலாம். அதற்கு அவருக்கு நல்ல சம்பளத்தில் நிலையான வேலை இருந்தால் காரியம் சுலபமாக முடியும் என்று, பாவம், நல்ல எண்ணத்தோடு சொன்னான்.

அன்று மாலை ரெயிலில் அண்ணை எனக்கு இதை எல்லாம் சொன்னார். தனியாக வீட்டுக்குப் போகத் தனக்குத் தைரியம் இல்லை என்பதுபோல் என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். அக்கா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணை கதவருகே நின்றார்.

"குணம், அந்த வேலை... வேண்டாம் எண்டு சொல்லிட்டீரோ?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "இல்லை. திங்கக்கிழமையே ஓம் எண்டு சொல்லிட்டன். உங்களுக்கு எப்ப சொல்லுறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

ஒரு மனிதரின் முகத்தில் ஆனந்தமும் அவமானமும் ஒரே நேரத்தில் வருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றுதான் பார்த்தேன். தான் சொன்னதைக் கேட்காத மனைவியால் தப்பித்தவருக்கு அவரைக் கோபிக்கவும் வழியில்லை. கதிரையில் உட்கார்ந்து சேகர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தார். நடுவிலே, துணைவர் படி நிற்பதை இந்த மாதமே அறிவிக்க வேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அப்படியானால் இனித் தான் சம்பாதிப்பவர், அண்ணை தன்னை நம்பித் தங்கியிருப்பவர், அப்படித்தானே என்று கேட்டார். அண்ணை ஓம் என்று தலையாட்டினார். நான் ஜன்னல் திரைச்சீலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சைன் வைக்கிறன். ஆனா நீங்கள் என்னோட இஞ்ச குடும்பமா இருக்கிறியள் எண்டு ஆதாரம் கேப்பாங்கள். என்னத்தைக் காட்டப் போறியள்?"

அண்ணை விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். கரண்ட் பில்லில் அவர் இல்லை. தண்ணீர் பில்லில் அவர் இல்லை. நூலகத்தில் இல்லை, கோயில் சபையில் இல்லை. இந்த நாட்டில் தான் இல்லை என்பதற்கு இத்தனை கவனமாக ஆதாரம் சேர்த்த மனிதர் உலகில் வேறு எவரும் இருக்க முடியாது.

அக்கா அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை.

"அவங்களுக்குக் காட்டுறது கிடக்கட்டும். நான் இவ்வளவு காலமும் ஆரோட இருந்தனான் எண்டு எனக்குக் காட்டவே ஒண்டும் இல்லையே."

மீன்குழம்புக்கும் சாண்ட்விச்சுக்கும் சட்டம் பேசியவர், அக்கா வெட்டி வைத்த லீக்ஸை எடுத்துக் கழுவத் தொடங்கினார். நான் அண்ணைக்காகவும் வெட்கப்பட்டேன், அக்காவுக்காக வாய் திறக்காமல் இருந்த எனக்காகவும் வெட்கப்பட்டேன்.

அடுத்த நாள் தொடங்கியது தேடல். அண்ணை தெரிந்தவர்கள் எல்லாரையும் அழைத்து, உங்கள் வீட்டுக் கொண்டாட்டத்தில் நான் நிற்கும் படம் இருக்கிறதா என்று கேட்டார். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹரோ வரை அல்பங்களைப் புரட்டினார்கள். வந்திருந்தார் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. எதைச் சாப்பிட்டார், எதை இரண்டாம் தடவை கேட்டார் என்பது வரை ஞாபகம் இருந்தது. படத்தில் மட்டும் இல்லை. கடைசியில் என் மகளின் சாமத்திய வீட்டு அல்பத்தில் ஒன்று கிடைத்தது. வரிசையின் ஓரத்தில், சட்டகத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு சாம்பல் நிறக் கோட்டுக் கை. முழங்கை மட்டும். அண்ணை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இது தன்னுடையது என்று நான் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார்.

போன சனிக்கிழமை அவர் வீட்டுப் பக்கம் போனேன். உள்ளே சுத்தியல் சத்தம். கலியாணப் படம் முதல்முறையாகச் சுவரில் ஏறியிருந்தது, கொஞ்சம் கோணலாக. பின்தோட்டத்தில் அண்ணை வியர்க்க வியர்க்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். சில்லுத் தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்திருந்த கௌசிகன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எடுத்ததில் திருப்தியில்லாமல், அப்பாவின் முகமும் ரோஜாவின் வேரும் ஒன்றாக விழ வேண்டும், குனிந்து எடு என்று அண்ணை சொன்னார். பிறகு ஒருகணம் மண்வெட்டியை விட்டுவிட்டு, அக்காவைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். நீரும் நில்லும்."

அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அண்ணை அவர் பக்கத்தில் நெருங்கி நின்றார். அது விசாவுக்காகவா, அல்லது வேறெதற்காகவாவதா என்று எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்து முடிந்ததும், அடுத்த வாரம் முதல் தான் முழுநேர வேலை, சனிக்கிழமை மீன்குழம்பு அண்ணையின் பொறுப்பு என்று அக்கா அறிவித்தார். பெற்ற உரிமை என்று அண்ணை மெல்லத் தொடங்கினார். அக்கா பார்த்த பார்வையில் மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

சரி, இது ஒரு படிப் பைத்தியத்தின் கதை, எனக்கும் இதற்கும் என்ன என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால், அது அவர்களுடைய விஷயம் என்று வீட்டில் இருந்துவிட்டது யார்? கவுன்சில் தேர்தலில் வாக்குப் போடாமல், இது எங்கட நாடில்லைத்தானே என்று சொல்லிவிட்டு, குப்பை எடுக்கவில்லை என்று வருடம் முழுக்க வைதது யார்? பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்தபோது, பெயர்கூடத் தெரியாதே என்று ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டது யார்? லண்டனுக்கே வராமல் சென்னையில் வீடு கட்டிப் பேரப்பிள்ளையும் கண்டபிறகும், ஒருநாள் ஊர்ப் பக்கம் போய்விடுவோம் என்று உங்கள் தெருவிளக்கைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பவரே, உங்களையும்தான் கேட்கிறேன். ஒன்றிலும் சேராமல் இருப்பதால் எத்தனை தொல்லை மிச்சம்! அதுவும் வெளிநாட்டுப் படிதான். அமைப்பு கொடுக்கவில்லை, நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். அது நிற்கும் அன்று, நீங்கள் இங்கே இருந்தீர்கள் என்று யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்?

நான் பயமுறுத்தவில்லை. அடுத்த கலியாண வீட்டில் "எல்லாரும் கிட்ட நில்லுங்கோ" என்று படம்பிடிப்பவர் கூப்பிடும்போது, மெல்ல ஓரமாக நகரும் ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள். முகம் தெரியாது, முழங்கை மட்டும்தான் தெரியும். அதை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தால், குனிந்து உங்கள் சட்டைக் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.